நாதாங்கியில் தொங்கிய கிலுகிலுப்பை

பிள்ளைகளா, சனிக்கிழமை உங்களைப் பார்த்துக்கொள்வது என் முறை. டவுனில் பிள்ளைகளை விடுகிற இடத்துக்குப் பணம் கட்டினால் உங்கள் அம்மாமார் சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும் என்றுதான் நம் மூன்று வீடும் சேர்ந்து இப்படி முறை வைத்துக்கொண்டோம். போன வாரம் கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் நீங்களே இருங்க மாமா" என்றாள். யார் என்று சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் ஒரு திருட்டு வேலையும் செய்தவன்.

அப்போது எனக்கு ஐந்து வயது. பந்தல்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மழை ஒழுங்காகப் பெய்த வருஷம் மிளகாய் விளையும். தை பிறந்தால் பங்குனி முடிய, எங்கள் தெருப் பெண்கள் புஞ்சைகளில் பழம் எடுக்கப் போவார்கள். விடிந்ததும் தெருமுனையில் டிராக்டர் வந்து நிற்கும். பால்வாடியோ லாரி பறக்கிற ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதுவும் மத்தியானத்தோடு சரி. பிள்ளை பார்க்க ஆள் வைத்தால் கூலியில் பாதி அவளுக்கே போய்விடும்.

அதனால் நான்கு வீட்டுப் பெண்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி வீட்டில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். மற்ற மூவரும் வேலைக்குப் போய், சாயங்காலம் ஆளுக்கு இரண்டு கை மிளகாய்ப் பழம் அவள் முறத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் சம்பளம். யார் முறை என்பதில் சண்டை வராமல் இருக்க ஒரு பச்சைக் கிலுகிலுப்பை இருந்தது. அது எந்த வீட்டு நிலைக்கு மேல் ஆணியில் தொங்குகிறதோ, அந்த வீட்டில்தான் மறுநாள் பிள்ளைகள் எல்லோரும்.

எங்கள் வீட்டில் அது தொங்கினால் எனக்குத் திருவிழா. மற்ற நாட்களில், அம்மா டிராக்டரில் ஏறும்போது தெருமுனை வரை ஓடிப் புழுதியில் உருண்டு அழுவேன். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில், பெரிய புஞ்சையில் கடைசி எடுப்பு வந்தது. கடைசி எடுப்புக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கூலி கிடையாது. செடியில் மிஞ்சிக் கிடக்கிற பழம் எல்லாம் எடுத்தவர்களுக்கே. அதைக் காயப்போட்டுத்தான் ஒரு வருஷக் குழம்புக்கு வத்தல் சேர்ப்பார்கள். அன்றைக்குப் போய் முறை எதிர்வீட்டுச் சித்திக்கு விழுந்தது. சித்தி தை மாதம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அந்த வருஷம் பாதி நாள் பழம் எடுக்கவே போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கிலுகிலுப்பையை வாங்கும்போது, "ஏழைக்குன்னே வந்து விழுகுது பாரு முறை" என்று சிரித்தாள். சிரிப்பு முழுசாக வரவில்லை.

எனக்கு அதெல்லாம் எதற்கு? எனக்கு அம்மா வேண்டும். சித்தி குழாயடிக்குத் தண்ணீருக்குப் போன நேரம், அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். சித்தி அதை இன்னும் ஆணியில் மாட்டவில்லை; தொட்டிலில் கைப்பிள்ளை கிலுகிலுப்பையைப் பிடித்தபடி தூங்கியது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். எங்கள் வீட்டுக் கதவு நாதாங்கியில் மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

விடியற்காலை வாசலில் சித்தியின் குரல் கேட்டது. அம்மா கூடையும் கையுமாகக் கிளம்பி நின்றாள்.

"யக்கா, எனக்காகவா எடுத்துக்கிட்ட?" சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல ஒரு வத்தல் இல்லக்கா. உங்கிட்ட எப்படிக் கேக்கன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன்."

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். டிராக்டர் ஆரன் அடித்தது.

"அட, ஏன்டி கண்ணக் கசக்குற, போயிட்டு வா" என்றாள் அம்மா. கூடையைச் சித்தியின் தலையில் வைத்தாள். "கைப்பிள்ளைக்கு மட்டும் பால் குடுத்துட்டு ஓடு. டிராக்டர்காரன் நிக்க மாட்டான்."

அன்று போல ஒரு நாள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. எல்லோருக்கும் அம்மா தலைக்கு ஊற்றிவிட்டாள். கம்மஞ்சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள். மற்ற பிள்ளைகளிடம் நான், "எங்கம்மாவாக்கும்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். அம்மா ஒரே ஒரு தடவை தெருமுனைக்குப் போய், புஞ்சை இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் சித்தியின் கூடை கோபுரமாக வந்தது. பாதியை எங்கள் முறத்தில் கொட்டப் போனாள். அம்மா முறத்தை இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கைதான் முறை. மூணாவது கை விழுந்துச்சு, உன் பிள்ளைய நாளைக்கு நீயே பாத்துக்க."

ஆடி பிறப்பதற்குள் எங்கள் வீட்டு வத்தல் பானை காலி. குழம்பு நாளுக்கு நாள் வெளுத்தது. மில் வேலை முடிந்து வந்த அப்பா ஒரு நாள் தட்டைப் பார்த்து, "ஏ புள்ள, குழம்புக்கு என்ன சீக்கா?" என்று கேட்டார். "போன வருசம் ரொம்பச் செவந்து கிடந்துச்சு, வயித்துக்கு ஆகாதுல்ல" என்றாள் அம்மா. நானும் கூடச் சேர்ந்து, எதிர்வீட்டுக் குழம்பு மாதிரி நம் குழம்பு ஏன் சிவப்பாக இல்லை என்று அழுது அடம்பிடித்தேன். அம்மா என் உச்சியைத் தடவிவிட்டு, "உனக்குத் தெரியாதாலே?" என்றாள். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் என் பைக் சாவி காணாமல் போய், அரிசி டப்பாவுக்குள்ளோ செருப்புக்குள்ளோ கிடைக்கிறது. உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தாலே யார் வேலை என்று எனக்கு விளங்கிவிடுகிறது. அன்று நான் கெட்டிக்காரன், அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பெரியவர்கள் யாரும் கிலுகிலுப்பையை அவ்வளவு தாழ்வாக மாட்ட மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.