பிறக்கவில்லை, பெறவில்லை

கீழ்வேளூரிலிருந்து திருவாரூர் போகும் பேருந்தில் ஒருநாள் நான் ஒரு பொய் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பேச்சுவாக்கில், "எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டார். பதினான்கு வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்தது 'பிறக்கலைங்க' என்ற ஒரே பதில்தான். அன்று வேறொன்று வாயில் வந்தது.

"வேண்டாம்னு இருந்துட்டோங்க. பூமி தாங்காதுன்னு."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் கைப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். மருத்துவமனை பெயரும் கோயில் பெயரும் சொல்லி அனுதாபப்படும் முகங்கள் எனக்குப் பழக்கம். கோபித்துக்கொள்ளும் முகம் புதிது. இறங்கும்வரை ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பதில் என்னுடையதல்ல, அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்துடையது. எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய பெண். சூடேறிக்கொண்டிருக்கும் உலகத்தில் பிள்ளை பெறாமல் இருப்பதுதான் பிள்ளைக்கும் உலகத்துக்கும் நல்லது என்பது அவர் கட்சி. அதற்காகத் தொலைக்காட்சியில் அவரைத் திட்டாதவர்கள் குறைவு. எங்கள் ஊர் வாசகர் வட்டம் அவரைப் பேச அழைத்தது. அறிமுக உரைக்கு என்னைப் போட்டார்கள். பள்ளிக்கூட டீச்சர் என்பதாலா, பிள்ளை இல்லாதவள் என்பதாலா என்று நான் கேட்கவில்லை.

முதலில் சிறிய கல்யாண மண்டபம் ஒன்றைப் பேசியிருந்தோம். விஷயம் தெரிந்ததும் மண்டபக்காரர் மறுத்துவிட்டார். "தாலி கட்டுற எடங்க. இந்தப் பேச்சு இங்க வேண்டாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. கடைசியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம் நடந்தது. இருபது பேர் வந்திருப்பார்கள்.

அவர் அமைதியாகப் பேசினார். முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து வக்கீல் ஆனவள்.

"எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு புள்ளையப் படிக்க வச்சுத்தான் மேல வந்தோம். இப்பதான் நிமிர்ந்தோம். அதுக்குள்ள புள்ளையே வேண்டாங்கறீங்க."

"உங்களுக்குச் சொல்லலம்மா. வீட்டுக்கு நாலு ஏசி, ரெண்டு கார்னு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் சொன்னேன்."

"புத்தகத்துல அப்படிப் போடலையேங்க. எல்லாருக்கும்னுதான போட்டிருக்கு?"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, கேள்வியை எழுதிக்கொண்டார்.

அவருக்கு மாலையில்தான் ரயில். சாப்பிட எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். குத்தகை நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்ததால் என் கணவர் வயலில் இருந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான். ரசத்துக்கு வந்தபோது அவர் கேட்டார்.

"என் புத்தகம் உங்களைக் கஷ்டப்படுத்தியிருக்குமே?"

"இல்லீங்க. ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நாங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு கேட்டத நீங்க வேண்டாம்னுட்டு இருக்கீங்களேன்னு."

பேருந்தில் நடந்ததையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு நின்றபின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"நான் அதுக்கு நேர்மாறு. கல்யாண வீடு, வாடகைக்கு வீடு பாக்கப் போற எடம், எங்க கேட்டாலும் 'பிறக்கலைங்க'ன்னு சொல்லிடுவேன். வேண்டாம்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. பிறக்கலைன்னா உக்கார வச்சுக் காப்பி குடுப்பாங்க."

"அது புத்தகத்துல இல்லையே."

"எழுதத் தைரியம் வரல."

எனக்குச் சுருக்கென்றது. ஊசியும் ஸ்கேனுமாக நாங்கள் பட்டதை இவர் ஒரு கப் காப்பிக்காக எடுத்துச் சொல்லியிருக்கிறார். "அது எங்க வலிங்க" என்றேன். "ஆமா" என்றார் தலை குனிந்தபடி. நானும் அவருடையதை எடுத்துப் பேருந்தில் சொன்னவள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. கோபம் அதற்கு மேல் வளரவில்லை. மோர் ஊற்றினேன்.

"வேணும்னு ஒரு நாளாவது தோணிச்சாங்க?"

"நாப்பதாவது வயசுல, ஒரு மழைக்காலம் முழுக்கத் தோணிச்சு. ஏன்னு தெரியல. அப்புறம் போயிடுச்சு. உங்களுக்கு? இப்ப ஒண்ணு பொறந்தா?"

பத்து வருடங்களுக்கு முன் என்றால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். இப்போது எங்கள் போர் தண்ணீரில் உப்புக் கரிக்கிறது. கடல் உள்ளே வருகிறது என்கிறார்கள். பிறந்தால் அந்தப் பிள்ளை இந்த நிலத்தில் என்ன பயிர் வைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை போகவில்லை. இரண்டையும் சொன்னேன். அவர் நோட்டை எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

சில மாதங்கள் கழித்து அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பு தபாலில் வந்தது. வக்கீல் பெண்ணின் கேள்வி அதில் இருந்தது. அதற்குத் தன்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை என்று எழுதியிருந்தார். "பிறக்கலைங்க" என்று சொல்லித் திரிந்ததையும் எழுதியிருந்தார். நான் சொன்னது எதுவும் இல்லை. இந்த முறை பொய்க்காரி என்று திட்டினார்கள். திட்டியவர்களில் அவர் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள்.

இப்போது என் கணவர் படிக்கிறார். வயலிலிருந்து வந்து, குளித்து, நாளுக்கு நாலைந்து பக்கம். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை இவ்வளவு சாதாரணமாக இதற்கு முன் பேசியதே இல்லை.

நேற்று மூன்றாம் அத்தியாயத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார். "இந்தம்மா சொல்றது தப்புன்னுதான் படுது. ஆனா எந்த எடத்துல தப்புன்னு புடிபடல. மறுபடியும் இந்தப் பக்கம் வந்தா சொல்லு, ரெண்டு கேள்வி இருக்கு."

என்ன கேள்வி என்று கேட்டேன். முழுவதும் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.