மூன்றாவது மாடியில் என் பெயர்

என் பெயர் பாவாடை. கேட்டவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். எங்கள் பக்கத்தில் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டு பெற்ற ஆண்பிள்ளைக்கு, அவளுடைய காவல் தெய்வமான பாவாடைராயனின் பெயரை வைப்பார்கள். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. இதாவது நிலைக்கட்டும் என்று அப்பா வேண்டிக்கொண்டார், நான் நிலைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது மட்டும், எதற்கு நிலைத்தோம் என்றிருக்கும்.

இப்போது மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். மேனேஜர் என் பேட்ஜில் 'பாவா' என்று சுருக்கிவிட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது சௌகரியம். ஆந்திராக் குடும்பங்களுக்குத்தான் சங்கடம். தெலுங்கில் பாவா என்றால் அக்கா புருஷன், முறைமாப்பிள்ளை. சாவி வாங்க வரும் பெண்கள் பேட்ஜைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வார்கள்.

போன ஆடித் தள்ளுபடிக்கு நானும் மனைவியும் செங்கல்பட்டில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன். அவளுடைய செல்போனும் என் பையில்தான் இருந்தது. கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மைக்கில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் போய், என் மனைவியைக் கூப்பிடச் சொன்னேன்.

"உங்க பேரு இன்னா சார்?"

"பாவாடை."

"அது மூணாவது மாடி சார். உங்க பேர கேட்டேன்."

"என் பேருதாம்மா அது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். "வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு. பாவாடை கல்லா அருகில் காத்திருக்கிறது." என் முகத்தைப் பார்த்துத் திருத்தினாள். "காத்திருக்கிறார். உரியவர்கள் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்."

அந்தப் 'பெற்றுக்கொள்ளவும்'தான் வினையாகிவிட்டது. ஆடி மாதம் வேறு. இலவசமாக ஏதோ கொடுக்கிறார்கள் என்று படிக்கட்டு முழுக்கப் பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பொடவ எடுத்தாதான் குடுப்பீங்களா, இல்ல சும்மாவே குடுக்கறீங்களா?"

"அம்மா, பாவாடை நான்தான்."

"அது சரி. எந்தக் கலர்ல கீது?"

மேலேயிருந்து ஓர் ஊழியர் தோளில் பாவாடைக் கட்டோடு மூச்சிரைக்க வந்து, யார் கேட்டது என்றார். சூப்பர்வைசர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். அந்த நெரிசலுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, என்னைக் கூப்டியா?"

"உங்க பேரு?" என்றாள் மைக் பெண்.

"பாவாட. ஊரு கருங்குழி."

அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். நானோ இத்தனை வயதில் இன்னொரு பாவாடையை நேரில் பார்த்ததில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பெயர்க்கதையைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். "உங்கப்பா பாதிதான் சொல்லிகிறாரு. பாவுற ஆடை, அதான் பாவாடை. சாமி வரும்போது கால் மண்ணுல படக்கூடாதுன்னு தரையில துணி விரிப்பாங்க. அதுக்குப் பேரு பாவாட. துணிய விரிச்சு சோத்தக் குவிச்சுப் படைச்சா அதுவும் பாவாட. பொம்பளைங்க கட்றதெல்லாம் அப்பால வந்துது."

"எங்கப்பா சாமி பேருன்னுதான் சொன்னாரு."

"அந்தச் சாமிக்கே துணியிலேர்ந்துதான் பேரு வந்துது."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

குரல் ஏறியது. மைக்கை யாரும் அணைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது. எல்லா மாடிகளிலும் எங்கள் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இலவசத்துக்கு வந்த பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கட்டைச் சுமந்து வந்த ஊழியர் அதன்மேலேயே உட்கார்ந்து கவனித்தார்.

கடைசியில் மனைவி வந்து சேர்ந்தாள். "இன்னாங்க இது, மேல வரைக்கும் உங்க சண்டதான் கேக்குது."

"இவ்ளோ நேரம் எங்க போன?"

மூன்றாவது மாடியில்தான் இருந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அங்கே வேண்டியதைக் கேட்க முடியாமல், புடவைக்கு உள்ளே கட்டுவது என்று கையால் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். கடைக்காரர்கள் லெக்கின்ஸ், நைட்டி, கடைசியில் ஜமுக்காளம்வரை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"உங்களுக்கு இன்னா வேணும் அக்கா?" என்று மைக் பெண் கேட்டாள்.

மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைச் சுட்டிக்காட்டினாள். "இவரு. மெரூன் கலர்ல."

ஊழியர் எழுந்து கட்டைப் பிரித்தார்.

பெரியவரும் நானும் வெளியே போய் டீ குடித்தோம். அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவரும் என் அப்பாவைப் பற்றி மரியாதையாகவே பேசினார். போன் நம்பர் மாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

அடுத்த வாரமே கூப்பிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்ததால் மனைவிதான் எடுத்தாள். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றேன்.

பதிலுக்கு இன்னொரு தட்டுதான் விழுந்தது.

"நீங்கதான் கூப்புடறீங்க," என்றாள்.