டெல்ஃபினா தோண்டிய தரை

பாலைவன ஊரான யூமாவில் ஜூலை மாதம் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் கொட்டும். அந்த ஊரில் பதினாறு வருஷமாகக் குழாய் வேலை பார்த்துவந்தாள் டெல்ஃபினா ஆர்விசு. கம்பெனி என்று பெயர். உண்மையில் ஒரு வெள்ளை வேன், அவள், ஃபோன் எடுக்க அக்கா நோர்மா, அவ்வளவுதான். தன் வேலையால் யார் வீட்டுக்காவது சேதம் வந்தால் ஈடுகட்டும் தொழில் காப்பீட்டை வருஷம் தவறாமல் புதுப்பிப்பாள். ஒரு தடவைகூட அதைத் தொட நேர்ந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கோடையில் டாக்கெட் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர், தனி ஆள். முந்தின வருஷம் அவர் வீட்டுத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஒழுகியபோது காங்கிரீட்டை உடைத்துப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தது டெல்ஃபினாதான்.

"ஏம்மா, கூடத்துல கால் வெச்சா சுடுது. கம்பளமெல்லாம் ஊறிப்போச்சு. வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். மரத்தரை உப்பிக் கிடந்தது. சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்திருந்தது. தண்ணீரை அடைத்துவிட்டுத் தன் காப்பீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொன்னாள்.

அவர்கள் அனுப்பிய ஆய்வாளர் பெயர் ஹோல்கம். பத்து நிமிஷம் வீட்டைச் சுற்றினான். வெளிச்சுவரில் ஓடிய விரிசலைப் படம் எடுத்தான்.

"மண்ணு காய்ஞ்சு இறங்கியிருக்குங்க. அதுல குழாய் போயிடுச்சு. மண் நகர்ந்தா பாலிசியில இடமில்ல. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல, நிம்மதியா இருங்க."

டாக்கெட்டின் வீட்டுக் காப்பீடும் அதே காரணத்தைச் சொல்லிக் கைவிரித்தது. அவர் அடுப்படியில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

டெல்ஃபினாவுக்கு நிம்மதி வரவில்லை. "மண்ணு நகர்ந்தா குழாய் வளையும், இல்ல முறியும். முறிஞ்சா பீச்சியடிக்கும். இது கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சிருக்கு," என்றாள் அக்காவிடம்.

"அதனால?"

"என் கைவேலையாத்தான் இருக்கும்னு தோணுது."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? தப்பில்லன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நீயே போய் தலையைக் குடுக்கறியே, நாளைக்கு எவடி நம்மளக் கூப்பிடுவா?"

"அந்த மனுஷன் அடுப்படியில படுத்துக் கிடக்கறாரு, அக்கா. எனக்குச் சாப்பாடு இறங்கல."

வாடிக்கையாளரிடம் தானாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியில் ஒரு நிபந்தனை இருந்தது. மீறினால் அதையே சாக்காக்கி மறுத்துவிடுவார்கள். அதனால் டாக்கெட்டிடம், "தோண்டிப் பாக்கணும்," என்று மட்டும் கேட்டாள்.

"தோண்டு, தோண்டு. கெடறதுக்கு இனி என்ன இருக்கு?"

ஹோல்கமுக்கு மூன்று முறை ஃபோன் செய்தாள். அந்தக் கேஸ் முடிந்துவிட்டது என்றான். நாலாவது முறை அவள் குரல் மாறியது. "வெள்ளிக்கிழமை காலை அஞ்சு மணிக்குத் தோண்டறேன். வந்தா உங்க கண்ணு முன்னாடி. வரலன்னா வீடியோ எடுத்து உங்க மேலதிகாரிக்கும் மாநிலக் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அனுப்புவேன்."

வந்தான்.

எட்டு மணிக்குள் வீடு கொதித்தது. உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வில் அவள் தோள்கள் மரத்துப்போயின. சட்டையைப் பிழிந்தால் சொட்டும். குழாய் தெரிந்ததும் நிறுத்தினாள். கை வைக்கவில்லை.

"இப்ப நீங்க இறங்கிப் பாருங்க."

ஹோல்கம் மண்டியிட்டு டார்ச் அடித்தான். குழாய் அவள் வைத்தபடி நேராகக் கிடந்தது, வளைவில்லை, முறிவில்லை. ஆனால் காங்கிரீட் உரசாமலிருக்க மேலே போட்ட கறுப்பு உறை நாலு விரல் அளவு குறைந்திருந்தது. அந்த இடத்தில் செம்பு வெறுமனே காங்கிரீட் விளிம்பைத் தொட்டது. வெந்நீர் ஓடும்போதெல்லாம் நீண்டு, ஆறும்போது சுருங்கி, உரசி உரசித் தாளாகத் தேய்ந்து ஊசிமுனைத் துளை விழுந்திருந்தது.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. முந்தின வருஷம் வேலை பார்த்த அன்று நாற்பத்தாறு டிகிரி. உறை தீர்ந்துபோயிருந்தது. கடை அரை மணி தூரம். நாலு விரல்தானே என்று காங்கிரீட் போட்டு மூடியிருந்தாள்.

"இது உங்களுக்கு எதிரான சாட்சி. தெரியுதில்ல?" என்றான் ஹோல்கம்.

"தெரியும். எழுதிக்குங்க."

வாசலில் நின்ற டாக்கெட் கேட்டார்: "அப்போ மண்ணு நகரலையா?"

அவள் பேசக் கூடாது. ஹோல்கமைப் பார்த்தாள். அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இல்லைங்க. நகரல," என்றான்.

ஆறு வாரத்தில் தரைக்கும் சுவருக்கும் அவள் காப்பீடு பணம் கொடுத்தது. கெட்ட வேலையைத் திரும்பச் செய்வது மட்டும் அவள் பொறுப்பு. தரைக்கடியில் வேண்டாமென்று மூன்று நாள் கூரை வழியாகப் புதுக் குழாய் இழுத்தாள். மறு வருஷம் அவள் பிரீமியம் ஏறியது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்று தன் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தது. "நான் அப்பவே சொன்னேன்," என்றாள் நோர்மா.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் டாக்கெட்டிடமிருந்து ஃபோன். அடுப்படிக் குழாய் சொட்டுகிறதாம்.

"என்னையா கூப்பிடறீங்க?" என்றாள் டெல்ஃபினா.

"வேற எவனாவது கெடுத்தா எங்கிட்ட சொல்லவா போறான்? சீக்கிரம் வா."

வேனை எடுத்தாள்.