நாற்சந்தியில் அப்பாவின் படம்

நிவாரண மையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு ரயில் நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் அறிவிப்பவளாக இருந்தாள். டீசல் வாங்க வழியில்லாமல் நாடே படுத்துவிட்டது. வண்டிகள் நின்றன. நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று மாவும் எண்ணெயும் கொடுக்க வந்தபோது, வரிசையை அதட்டாமல் அடக்குகிற குரல் ஒன்று தேவைப்பட்டது. அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்பா ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் நின்ற பிறகும் காலையில் முகம் மழிக்காமல் வாசலைத் தாண்டமாட்டார். அக்கம்பக்கத்தார் எல்லாம் மாவு வாங்கப் போனபோதும் அவர் அசையவில்லை. "உனக்குக் கூலியா குடுக்கறத நான் சாப்பிடறேன். அது உன் உழைப்பு. வரிசைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதம்மா" என்றார்.

உதவி தரும் நாடுகளிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மையத்தின் மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"வயசானவர் ஒருத்தர் வேணும்மா. பாக்க மரியாதையா இருக்கணும். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

மையத்து வேலையை நிரந்தரமாக்குவது பற்றி அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு நொடிதான் யோசித்தாள்.

வீட்டுக்குப் போய், "பழைய ரயில்வேக்காரங்களுக்கு மரியாதை செய்யறாங்கப்பா" என்றாள்.

அப்பா எதையும் சந்தேகப்படவில்லை. பெட்டியின் அடியிலிருந்து சீருடைக் கோட்டை எடுத்து, பித்தளைப் பொத்தான்களைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விருந்தாளிகளுக்கு முன்னால் விறைப்பாக நின்றார். மாலை வரும் என்று கழுத்தைச் சற்றுத் தாழ்த்தினார். வந்தது மாவு மூட்டை. யாரோ அதை அவர் கைகளில் வைத்தார்கள். கேமராக்கள் மின்னின.

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்கள் கூட்டத்துக்குள் மகளைத் தேடின. அவள் மைக்கைப் பிடித்தபடி, "எல்லாரும் கை தட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர் நடையைக் கட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மகள் தலைகுனியக் கூடாது என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மாதம் அந்தப் படம் இரண்டு மாடி உயரத்துக்கு நாற்சந்தியில் ஏறியது. மகளைத் தேடிய கண்கள் அதில் ஊராரிடம் கெஞ்சுவதுபோல் இருந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "உங்கப்பா படத்தப் பாத்து மனசு எளகி கப்பல் கப்பலா கோதுமை அனுப்பறாங்கம்மா!"

கேட்டதும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அப்படிப் பெருமைப்பட்டதுதான் பிறகு அவள் உடம்பைக் கூசவைத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டாக, "சார், இப்ப நீங்கதான் நம்ம நாட்டோட முகம்" என்றார். அப்பா சிரித்துவைத்தார். அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். தாடி வளர்ந்தது. அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைந்தால் சொன்னார். அதற்குமேல் பேச்சில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவளுக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினாள். "உதவி வந்துக்கிட்டு இருக்கும்போதா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது!" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கோதுமை வந்தால்தான் ஊர்ப் பிள்ளைகள் வயிறு நிறையும்.

கப்பல்கள் வந்தும், ஏற்றிவர ரயில் ஓடாததால் துறைமுகத்திலேயே கோதுமை முளைவிடத் தொடங்கியது. உதவி நிறுவனம் டீசல் வாங்கிக் கொடுத்தது. ஆனால் எஞ்சின் ஓட்ட ஆளில்லை. இளம் ஓட்டுநர்கள் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டே போயிருந்தார்கள். ரயில்வே அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்து, "ஐயா, நீங்க வந்தாத்தான் வண்டி நகரும்" என்றார்.

மறுநாள் காலை அப்பா முகம் மழித்துக்கொண்டார். கோட்டைத் தொடவில்லை, சாதாரணச் சட்டையோடு கிளம்பினார். அவள் வாசலில் வழிமறித்தாள்.

"அப்பா, அன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொல்லி..."

"பொய் சொன்னதக்கூட விடு. வயித்துப்பாட்டுக்கு மனுசன் பொய் சொல்றதுதான்." செருப்பை மாட்டினார். "கை தட்டச் சொன்னியே..."

படியிறங்கிப் போய்விட்டார்.

சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கின. ரொட்டிக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வரிசைகள் குட்டையாயின. அவள் மைக்கை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கிடங்கில் சிந்திய தானியத்தைப் புடைக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள்.

அப்பாவின் வண்டி கிடங்கைக் கடக்கும்போது ஆட்கள் ஆரவாரமாகக் கையசைப்பார்கள். எஞ்சின் ஜன்னலிலிருந்து அவரும் எல்லோருக்கும் கையசைப்பார். அந்த எல்லோரில் ஒருத்தியாக அவளும் நிற்பாள். முறத்தைக் கீழே வைக்காமல், வண்டி போன பிறகே தலை நிமிர்வாள்.