ரீட்டா அக்காவின் ஊர்ச் சைகை

சைகைமொழியைப் பதிவு செய்கிற வேலையில் காதுக்கு ஓய்வு. கண்ணும் முதுகும்தான் நோகும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதிப் பழகிய சக பதிவாளர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் ரீட்டா அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. மன்னார்க் கரையில் அவருடைய ஊரில் அப்படிப் பிறந்தவர்கள் பல பேர். அதனால் ஊருக்கென்றே ஒரு சைகைமொழி இருந்தது. போரில் ஊர் சிதறியது. லண்டனில் அதைத் தெரிந்தவர்கள் அக்காவும், காது கேட்கும் அவர் தம்பி அன்ரனும்தான். ஒரு பல்கலைக்கழகத்துக்காக அதைப் பதிவு செய்யப் போனவள் நான்.

கடல் எந்தப் பக்கம்

முதல் நாள் ஊரைப் பற்றிக் கேட்டேன். அக்கா கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வீடியோ லைட்டில் கண் கூசுகிறதாக்கும் என்று நான் அதை இரண்டு தரம் நகர்த்தினேன். அவர்கள் மொழியில் ஓர் இடத்தைச் சொல்வதென்றால் அது இருக்கும் திசையில் கை நீட்ட வேண்டுமாம். அன்ரன் அண்ணைதான் விளங்கப்படுத்தினார். போனில் மன்னார் இருக்கும் திசையைப் பார்த்து, சமையலறை மூலையைக் காட்டினேன். அக்காவின் கைகள் ஓடத் தொடங்கின. அண்ணை சொன்னார்: "'ஊர் இவ்வளவு காலமும் பிரிட்ஜுக்குப் பின்னால இருந்திருக்கு, ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை' எண்டுறா."

சுருக்கம்

இடம்பெயர்ந்து படகில் வந்த கதையை அக்கா ஒருநாள் நெடுநேரம் சொன்னார். அண்ணை மொழிபெயர்த்தது ஒரே வரி: கடல் கொஞ்சம் குழப்பமாக இருந்ததாம். மிச்சத்தையும் கேட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மிச்சத்தில நானும் இருக்கிறன், தங்கச்சி. அதை என்னால சொல்ல ஏலாது. நீங்களே பாத்துப் பழகுங்கோ."

ஆஸ்பத்திரியில்

பழகத் தொடங்கிய சில மாதத்தில் அக்காவுக்கு வயிற்று நோவு. அண்ணை ஷிப்டில். ஆஸ்பத்திரிக்காரர் பிரிட்டிஷ் சைகைமொழி தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு அந்த மொழி தெரியாது; பாவம், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். அக்கா பையில் என் நம்பரைக் கண்டு நர்ஸ் என்னை அழைத்தார்; ஓடிப்போனேன். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரிந்த நாலு சைகையில் கேட்டேன். அக்கா வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டு, மூன்று நாள் என்று மூன்று விரல் காட்டினார். அன்றைக்கே அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்.

பிறகு பார்க்கப் போனபோது அக்கா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணை காரணம் சொன்னார்: "'எப்ப தொடங்கினது' எண்டு கேக்காமல், 'எப்ப கலியாணம்' எண்டு கேட்டனீங்களாம்."

மொழியைக் காப்பாற்றுகிறவள் என்று பல்கலைக்கழக அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. அக்கா வீட்டில் நான் இன்னும் முதலாம் வகுப்புத்தான்.