கம்பத்தடியில் யாருமில்லை

எங்கள் தெரு சலூன்காரர் காதோரம் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம் சார், தலையை ஆட்டாதீங்க" என்று போனை எடுத்துப் பார்க்கிறார். நம் தலை அரைகுறையாகக் கண்ணாடியில் விழித்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டு ஸ்கோராக்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அவர் பார்ப்பது நகராட்சியின் இணையதளம். எந்தக் குழாய் உடைந்தது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்தப் பேருந்தில் எவ்வளவு கூட்டம் என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து பார்க்கிறவர் இவர் ஒருவர்தான்.

தெருவில் அவருக்குப் பெயர் 'புள்ளிவிவரம்'. "புள்ளிவிவரம் கடையைத் திறந்தாச்சா?" என்று அவர் காதுபடவே கேட்பார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கிருதா கோணல் என்று யாராவது சொன்னால்தான் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நம்ம தெரு விளக்கு எல்லாம் எரியுதுன்னு போட்டிருக்காங்க சார். எரியலைன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரிய வேண்டாமா?" என்று ஆரம்பிப்பார். நாற்காலியில் இருப்பவர் ஒரு வரி சொல்வார், பெஞ்சில் இருப்பவர் அதைத் திருத்துவார், மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து ஒரு வரி சேர்ப்பார். முடிவெட்டி முடிப்பதற்குள் மனு தயாராகிவிடும். பள்ளிக்கூடத்தின் முன்னால் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு போட வைத்தது இந்தப் பெஞ்சுதான்.

பெஞ்சுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம். நிறுத்தம் என்றால் ஒரு கம்பம், அவ்வளவுதான். நிழலும் இல்லை, உட்கார இடமும் இல்லை. கடையிலோ மின்விசிறி, குடிதண்ணீர், அன்றைய பேப்பர். "உள்ள வாங்க, பஸ் வந்தா நான் சொல்றேன்" என்பார். அவர் எதிரே உள்ள கண்ணாடியில் தெருமுனை தெரியும். பேருந்து திரும்பியதும் ஒரு குரல் கொடுப்பார். பெஞ்சு முழுக்க எழுந்து ஓடும். நானும் அப்படி ஓடுகிறவன்தான்.

போன மாதம் ஒரு நாள் கத்தரி ரொம்ப நேரம் நின்றது. எங்கள் நிறுத்தத்தை எடுக்கப்போவதாக இணையதளத்தில் போட்டிருந்தார்கள். காரணம், அங்கே பயணிகள் காத்திருப்பதே இல்லையாம்.

"பொய்க் கணக்கு!" என்று பெஞ்சு கொதித்தது. அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் அவர் படித்தார். ஒரு ஊழியர் அவ்வப்போது வந்து, அந்த நேரத்தில் கம்பத்தடியில் நிற்பவர்களை எண்ணிக்கொண்டு போவாராம்.

"கணக்கு சரிதாங்க. நீங்க எல்லாரும் இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? என் விசிறிக் காத்துதான் உங்க நிறுத்தத்தைத் தின்னுருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் அவருடைய அக்கா குடியிருக்கிறார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, முழங்கால் வலி. அடுத்த நிறுத்தம் மேட்டின் உச்சியில். "அங்க வரைக்கும் ஏறணும்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்" என்று அக்கா சொன்னபோது, தம்பி கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

பெஞ்சு கூடி மனு எழுதியது. மறுபடியும் ஒருமுறை எண்ணுவதாகப் பதில் வந்தது. தேதியையும் இணையதளத்திலேயே போட்டார்கள்.

அன்று காலை கடைக்குள் நுழைந்தவர்களை அவர் உட்காரவே விடவில்லை. விசிறியையும் நிறுத்திவிட்டார். "இன்னிக்கு எல்லாரும் வெயில்ல நில்லுங்க சாமி!" போதாத காலம், அன்று பார்த்து கூட்டம் குறைவு. பாதி முகம் சவரம் செய்த நிலையில் இருந்த ஒருவர், கழுத்துத் துணியோடு எழுந்து, "நானும் போய் நிக்கிறேனே" என்றார். தெருவுக்காகத்தான் சொன்னார், பாவம்.

"நீங்க நடந்து வந்தவர். உட்காருங்க" என்று தோளைப் பிடித்து அமர்த்திவிட்டார்.

அக்காவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. தம்பி ஓடிவந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டார். வரிசையை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"நீயும் இப்படியே நில்லுடா தம்பி" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "ஒரு ஆள் கூடுதலா இருந்தா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?"

அதற்குள் எண்ணுகிற பெண் வந்துவிட்டார். விரல் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டி அக்காவிடம் வந்தபோது, தம்பி அக்காவின் கையை எடுத்துக் கம்பத்தைப் பிடிக்க வைத்தார். பிடி இறுகியதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்றார்.