தோலுக்கும் சதைக்கும் நடுவே

ஆடு அறுக்கும் கூடத்தில் அவன் பெயர் ‘முட்டி’. தோலைக் கத்தியால் கீறித் தொடங்கி, மீதியைக் கைமுட்டியாலேயே உரிப்பான். தோலுக்கும் சதைக்கும் நடுவே நீர் கசியும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் கை வழுக்கிக்கொண்டு போகும்.

தங்கையை நாள்தோறும் அடித்த அவள் புருஷனைத் தட்டிக் கேட்கப் போனான். புருஷன்காரன் முட்டியின் விலாவில் கத்தியைச் சொருகினான். தங்கை அலறினாள். முட்டி காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கத்தி ஆழமாக இறங்காமல் அந்தச் சவ்வோடு சாய்வாக ஓடியிருந்தது.

“தோலத்தான் உரிச்சிருக்கீங்க மாப்ளே, அதுவும் அரைகுறையா.”

ஒரே குத்து. மாப்பிள்ளையின் தாடை பெயர்ந்து, பல் தெறித்தது.

“அண்ணே, ரத்தம் கொட்டுது!”

“கொட்டட்டும். துணிமணிய எடுத்துக்க தங்கச்சி, போவோம்.”

அவள் எதையும் எடுக்கவில்லை. விழுந்து கிடந்தவனைத் தாண்டி வெளியே வந்தாள்.